நோயாளியின் நாளுக்கும் விலை உண்டு

எண்ணூரில் அன்றாடக் கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சு சிகிச்சைக்கு அவர் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் செல்ல வேண்டும். 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அங்கிருந்து 25 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், இழந்த கூலி இழந்ததுதான். பொருளாதாரம் கற்பித்த எனக்கு இந்தச் செலவே முதலில் கண்ணில் படுகிறது.

இச்செலவைக் குறைப்பதில் நவீன ஸ்கேன் கருவிகளுக்குப் பங்கு உண்டு. கதிர்வீச்சு கட்டியை அழிக்கும்போது அருகிலுள்ள நல்ல திசுவையும் தாக்குகிறது. கட்டியின் இருப்பிடம் துல்லியமாகத் தெரியாதபோது, அதைச் சுற்றிலும் ஒரு விளிம்பைச் சேர்த்தே கதிர் செலுத்த நேர்கிறது. 4 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் கன அளவு சுமார் 34 கன செ.மீ. சுற்றிலும் 1 செ.மீ. விளிம்பு விட்டால் அது 113 ஆகிறது, அரை செ.மீ. போதுமென்றால் 65 மட்டுமே.

விளிம்பைச் சுருக்க உதவுபவை படங்களே. எம்.ஆர்.ஐ. மென்திசுக்களைப் பிரித்துக் காட்டுகிறது. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் நிறைவதற்கேற்ப புரோஸ்டேட் சற்று இடம் மாறும். சிகிச்சைக் கருவியிலேயே பொருத்தப்பட்ட சி.டி. ஸ்கேன், கதிர் பாய்வதற்கு முன் அன்றைய நிலையைச் சரிபார்க்கிறது.

நல்ல திசு காக்கப்பட்டால், ஒவ்வொரு அமர்விலும் அளவைக் கூட்டி அமர்வுகளைக் குறைக்க வழி பிறக்கிறது. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை வடிவமைத்து பிரிட்டனில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 37 அமர்வுகள் தந்த பலனுக்கு 20 அமர்வுகள் தந்த பலன் குறைந்ததில்லை என்று அது கண்டறிந்தது. நம் எண்ணூர்த் தொழிலாளிக்கு அது 17 நாள் கூலி. 17 நாள் அலைச்சல்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கருவி மட்டும் போதாது. அதை இயக்கும் மருத்துவ இயற்பியலாளர்களும் தொழில்நுட்பர்களும் வேண்டும். ஆயினும், அரசு மருத்துவமனைக்குக் கருவி வாங்கும்போது அதன் விலையோடு நோயாளி மிச்சப்படுத்தும் நாள்களையும் கணக்கில் எழுத வேண்டும். அப்படி எழுதினால், இன்று ஆடம்பரமாகத் தோன்றும் ஸ்கேன் நாளை சிக்கனமாகத் தோன்றக்கூடும்.