ஆட்டம் போடும் ஸ்டாண்டை அடக்குவது எப்படி?

மரத்தில் ஓட்டை கொஞ்சம் சாய்ந்தால் மரம் மன்னித்துவிடும். இரும்பு மன்னிக்காது. 12 மி.மீ. தகட்டில் இரண்டு டிகிரி சாய்ந்து இறங்கினாலே, பிட் மறுபக்கம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தள்ளித்தான் வெளியே வரும். நான்கு ஓட்டைகள் அப்படியானால் போல்ட்டுகள் நுழையாது.

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிரில் ஸ்டாண்டை இதற்காகத்தான் வாங்குகிறோம். வாங்கியவுடன் டிரில்லை மாட்டி, சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். எல்லாமே ஆடும். விலைக்கேற்ற பொருள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் முக்கால்வாசியை வீட்டிலேயே அடக்கிவிடலாம்.

முதல் வேலை அடித்தளம். மெல்லிய தகட்டு அடித்தளம் கைப்பிடியை அழுத்தும்போது வளைகிறது. பழைய இரும்புக் கடையில் 10 அல்லது 12 மி.மீ. எம்.எஸ். தகட்டுத் துண்டு எடைக்குக் கிடைக்கும். அதில் ஸ்டாண்டை இறுக்கிவிட்டு, அதையே மேசையோடு போல்ட்டு போட்டுவிடுங்கள்.

அடுத்தது தூண். உண்மையான கோளாறு இங்கேதான். 25 மி.மீ. வெளிவிட்டமும் ஒன்றரை மி.மீ. கனமும் உள்ள குழாயை எடுத்துவிட்டு, அதே விட்டத்தில் கெட்டிக் கம்பி போட்டால் விறைப்பு இரண்டரை மடங்காகும். குழாய்க்குள் சிமென்ட் கலவை நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. அதிர்வு அடங்கும், விறைப்பு சொற்பமாகத்தான் கூடும். பிரைட் பார் வாங்கி, லேத் பட்டறையில் முனைகளைச் சீவி வாங்கிக்கொள்வது மேல். அங்கேயே உயரத்தையும் குறைத்துவிடுங்கள். சாய்வு தூணின் நீளத்தைப் பொறுத்தது. நீளம் பாதியானால் சாய்வும் பாதி. தூணிலேயே பல் வெட்டியிருக்கும் ஸ்டாண்டில் இந்த மாற்றம் நடக்காது. நெம்புகோலால் இறங்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, தூணில் ஏறி இறங்கும் ஸ்லைடு. அதன் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டை போட்டு, டேப் அடித்து, ஆலன் ஸ்குரூவும் லாக் நட்டும் வையுங்கள். ஸ்குரூ முனை தூணைக் கீறாமலிருக்க நடுவில் பித்தளைத் துண்டு வேண்டும். ஆட்டம் போகும் வரை, ஆனால் ஸ்லைடு சிக்காத அளவுக்கு இறுக்குங்கள்.

பிறகு நேர் பார்க்க வேண்டும். தடித்த கம்பியை இரண்டு இடத்தில் வளைத்து, ஒரு முனையைச் சக்கில் மாட்டி, மறுமுனை தள்ளி நின்று அடித்தளத்தை லேசாக உரசும்படி இறக்குங்கள். சக்கைக் கையால் சுற்றினால் எந்தப் பக்கம் இடிக்கிறது, எந்தப் பக்கம் இடைவெளி விழுகிறது என்று தெரிந்துவிடும். தூணின் அடியில் குளிர்பான டின்னை வெட்டிய துண்டு வைத்துச் சரிசெய்யலாம். அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. கனம், இதைவிட மலிவான ஷிம் கிடையாது.

இவ்வளவு செய்த பிறகும் டிரில்லே காலை வாரிவிடலாம். சுவர் துளைக்கும் ஹேமர் டிரில்லின் தண்டு மேலும் கீழும் அசையும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஸ்டாண்டுக்குச் சாதாரண ரோட்டரி டிரில்தான் பொருத்தம். வேகமும் முக்கியம். எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு மைல்ட் ஸ்டீலில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் போதும். 6 மி.மீ. பிட்டுக்கு அது சுமார் 1,400 சுற்று. 2,800 சுற்றில் 10 மி.மீ. பிட்டை ஓட்டினால் 88 மீட்டர். முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். ஆகவே வேகத்தைக் குறைக்க வசதியுள்ள டிரில் அவசியம். சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டால் வழி போட்டு, எண்ணெய் விட்டு, பிறகு பெரிய பிட்டுக்குப் போங்கள்.

தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது. பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில்தான் அது கவ்விச் சுழற்றும், வைஸ் கட்டாயம். கையுறை, தோள் துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். டிரில்லின் லாக் பட்டனை அழுத்திவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்வதால், பிளக் சுவிட்சை இடது கைக்கு எட்டும்படி வையுங்கள்.

இப்படித் திருத்திய ஸ்டாண்டு 6 மி.மீ. வரை நிம்மதியாக வேலை செய்யும், 8 மி.மீ.க்குப் பொறுமை வேண்டும். தினமும் 10, 12 மி.மீ. ஓட்டை போடுகிறவர் இதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் பெஞ்ச் டிரில் வாங்கிவிடுவதே சரி.