பழைய ஹார்ன் ஸ்பீக்கருக்குப் புது ட்வீட்டர்: வாட்ஸ் பார்த்து வாங்காதீர்கள்

ட்வீட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் சார்?" பழைய ஹார்ன் ஸ்பீக்கரைப் பொறுத்தவரை அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர். இது பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாட்டு சரியாகக் கேட்காது.

அதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். திருப்புட்குழியோ பக்கத்துப் பாலுசெட்டி சத்திரமோ, எந்த ஊரானாலும் திருவிழா என்றால் மைக் செட்காரர் கம்பத்தில் கட்டுகிற அலுமினியக் கூம்பில் ட்வீட்டரே கிடையாது. பின்னால் திருகியிருக்கும் யூனிட் ஒன்றுதான் மொத்த ஒலியையும் தருகிறது. பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகச் செய்த பொருள் அது. சத்தம் கரகரத்தால் யூனிட்டின் டயஃப்ரத்தை மாற்றினால் போதும்.

பழைய சினிமா கொட்டகைப் பெட்டிகளிலும் பெரும்பாலும் ட்வீட்டர் இருக்காது. 1945இல் வந்த ஆல்டெக் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையில் கீழே ஒரு பெரிய ஸ்பீக்கர், மேலே ஒரு ஹார்ன், அவ்வளவுதான். அந்தக் காலப் படச்சுருளின் ஒலித்தடத்தில் இரைச்சல் அதிகம். அதை அடக்க, 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் கொட்டகையிலேயே நன்றாகக் குறைத்துவிடுவார்கள். அதனால் மேல் ஸ்தாயிக்குத் தனி யூனிட் தேவைப்படவில்லை. இன்றைய பாட்டுகளை அதில் கேட்க வேண்டுமானால் ட்வீட்டரைப் புதிதாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

வீட்டுக்கென்று வந்த ஹார்ன் பெட்டிகளில் பல, கீழ், நடு, மேல் ஸ்தாயிகளுக்குத் தனித்தனி யூனிட் உள்ள மூன்று வழிப் பெட்டிகள். 1946இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் இதற்குப் பேர்போன உதாரணம். அதில் பின்னாளில் இருந்த கே-77 ட்வீட்டர், எலக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனியின் டி-35தான். ஒரு பெயரில் கிடைக்காதது இன்னொரு பெயரில் கிடைக்கலாம் என்பதால், பழைய பொருளைத் தேடும்போது பின்பக்கம் உள்ள நம்பரையும் பாருங்கள்.

நிஜமாகவே போய்விட்டதா?

சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ட்வீட்டரின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டர் 6 ஓம் வாக்கில் காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை. மீட்டர் அசையவே இல்லை என்றால் காயில் போயிருக்கும். பீஸோ வகைக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அதில் காயிலே கிடையாது என்பதால், நல்ல நிலையில் இருந்தாலும் மீட்டர் அசையாது.

காயில் நன்றாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், ஒலியை யூனிட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் உள்ள கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். பல வருஷம் ஆன எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் உலர்ந்து அளவு குறைந்துவிடும். இரண்டு பெட்டிகள் இருந்தால் ட்வீட்டர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை ட்வீட்டரோடு போகிறதா, பெட்டியிலேயே நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

காயில் போனது உறுதியானாலும் முதலில் காயிலோடு சேர்ந்த டயஃப்ரம் மட்டும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கழற்றும் முன் மூடியும் காந்தமும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காந்தத்தின் இடுக்கில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. மாஸ்கிங் டேப்பை மடித்து உள்ளே விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை அருகே கொண்டுபோனால் காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். முனை பட்டால் புது டயஃப்ரம் கிழிந்துவிடும்.

முழு ட்வீட்டரும் வாங்குவதானால்

சென்சிட்டிவிட்டிக்கு வருவோம். ஹார்ன் பெட்டி ஒன்று 104 டெசிபல் தருகிறது, நீங்கள் வாங்கிய டோம் ட்வீட்டர் 90 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14 டெசிபல். ஹார்ன் ஒரு வாட்டில் தரும் சத்தத்தைத் தர அந்த ட்வீட்டருக்கு 25 வாட் வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்தான் என்பதால் ட்வீட்டர் இருப்பதே தெரியாது. சத்தம் கூடிய ட்வீட்டரை எல்-பேட் என்னும் சத்தக் குறைப்பானைப் போட்டுக் குறைத்துவிடலாம், குறைந்ததைக் கூட்ட வழியில்லை. அதனால் பழைய ஹார்னுக்குச் சமமாகவோ ஓரிரண்டு டெசிபல் கூடவோ உள்ளதைத் தேடுங்கள். பெரும்பாலும் அது கம்ப்ரெஷன் வகை ஹார்ன் ட்வீட்டராகத்தான் இருக்கும்.

அடுத்தது ஓம். ட்வீட்டருக்கு முன்னால் உள்ள 3.3 மைக்ரோஃபாரட் கண்டன்சர், 8 ஓம் ட்வீட்டரோடு சேர்ந்தால் சுமார் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத்தான் நன்றாக விடும். அதே இடத்தில் 16 ஓம் ட்வீட்டரை மாட்டினால் எல்லை 3,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தாங்க முடியாத கீழ் ஒலி உள்ளே வந்து காயில் கருகும். 4 ஓம் மாட்டினால் எல்லை 12,000க்கு ஏறி, நடுவில் ஒரு பள்ளம் விழும். ஓம் மாறினால் கண்டன்சரும் மாற வேண்டும். கண்டன்சர் இல்லாமல் ட்வீட்டரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கவே கூடாது.

மூன்றாவதாக, எந்த ஹெர்ட்ஸிலிருந்து ஓட்டலாம் என்று ட்வீட்டர் கம்பெனி சொல்லியிருப்பதைப் பாருங்கள். அது உங்கள் கிராஸ்ஓவரின் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள ஓட்டையின் அளவையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

வாட்ஸ் ஏன் கடைசி? பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும் மின்சக்தி சிறு பங்குதான். ட்வீட்டர் கருகுவது பெரும்பாலும் சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்புவதால். அலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத மேல் ஒலிகள் உண்டாகி ட்வீட்டரில் போய் விழும். ட்ரெபிள் குமிழை முழுக்க வைப்பதும், மைக் விசிலடிக்கும்போது விட்டுவைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

மாட்டிய பிறகு

6,000 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. ட்வீட்டர் மூன்று சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலே அதன் ஒலியும் ஹார்ன் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் சிவப்பு, கறுப்பு ஒயர்களை ஒருமுறை மாற்றிக் கொடுத்தும் கேட்டு, நிறைவாக ஒலிப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு நல்ல நாதஸ்வரப் பதிவு ஒன்று போதும். குறைந்த சத்தத்தில் தொடங்குங்கள். தாளத்தின் ஒலி நாதஸ்வரத்தைவிட்டுத் தனியே முன்னால் வந்து காதைக் குத்தினால் எல்-பேடைக் குறையுங்கள். தவில்காரர் விரலில் போட்டிருக்கும் கூடு வலந்தலையில் விழும் 'டக்' மழுங்கிக் கேட்டால் கொஞ்சம் கூட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது நாலு விஷயம் எழுதி எடுத்துப் போங்கள்: ஹார்னின் டெசிபல், ட்வீட்டரின் ஓம், கண்டன்சரின் மைக்ரோஃபாரட், ஓட்டையின் அளவு. டெசிபல் கணக்குச் சொல்லத் தெரியாத கடையில் விலை மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.