ஒரே பீடம், இரண்டு கூடம்... வடக்கன்குளம் தேவாலயத்தில் சுவர் உடைந்த கதை!

கன்னியாகுமரிக்கு டூர் போகிறவர்கள், வழியில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நெல்லை மாவட்டத்தில் இருக்கும் இந்த ஆலயத்தை மேலிருந்து பார்த்தால், விரித்துவைத்த கால்சட்டை போலத் தெரியும்!

இரண்டு நீண்ட கூடங்கள் தனித்தனியாக வந்து, ஒரே பீடத்தில் சேர்கின்றன. அழகுக்காக அல்ல, சாதிக்காக இப்படிக் கட்டினார்கள்.

1870-களில் ஒரு கூடம் வேளாளர்களுக்கு, இன்னொன்று நாடார்களுக்கு. இடையே தடுப்புச்சுவர். பாதிரியார் ஒருவர்தான், பூசையும் ஒன்றுதான். ஆனால், சேர்ந்து உட்காரக் கூடாது!

இத்தனைக்கும், இதே ஊரில்தான் 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லோருடனும் பழகியவர் அவர். 2022-ல் புனிதர் பட்டமும் பெற்றார்.

1910-ல் பிரெஞ்சுப் பாதிரியார் கௌசானல் அடிகளார் துணிந்து அந்தச் சுவரை இடித்தார். ஊரே கொந்தளித்தது. ‘தனி இடம் எங்கள் உரிமை’ என்று வேளாளர் தரப்பு வழக்கு போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அந்தக் கோரிக்கை எடுபடவில்லை.

சுவர் போய் நூறு வருடங்களுக்கு மேலாகிறது. ஆனால், கூடங்கள் இரண்டாகத்தான் நிற்கின்றன. ஊர் ஒரு காலத்தில் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதற்குக் கல்வெட்டு தேவையில்லை. பீடத்துக்கு முன்னால் நின்று இருபுறமும் திரும்பிப் பாருங்கள், கட்டடமே சொல்லிவிடும்.