உளவாளிக்கு ஒரு மல்லாரி

1983-இல் வெளிவந்த 'ஆக்டோபஸி' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் உதய்ப்பூருக்கு வருகிறார். தெருவில் ஒரு பாம்பாட்டி உட்கார்ந்து மகுடி ஊதிக்கொண்டிருக்கிறார். அவர் ஊதுவது பாம்புக்கான மெட்டு இல்லை, ஜேம்ஸ் பாண்டின் மெட்டு. தன்னைச் சந்திக்க வேண்டிய ஆள் இவர்தான் என்று பாண்டுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பாம்பாட்டி வேடத்தில் இருந்தவர் நம் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்.

அதே ஆண்டில் இன்னொரு பாண்ட் படமும் வந்தது. பெயர் 'நெவர் சே நெவர் அகெய்ன்'. முதன்முதலில் பாண்டாக நடித்துப் புகழ்பெற்ற ஷான் கானரி 12 ஆண்டுகள் கழித்து அந்த வேடத்துக்குத் திரும்பிய படம். இசையமைத்தவர் ஆஸ்கர் பரிசு பெற்ற பிரெஞ்சு மேதை மிஷேல் லெக்ராண்ட். ஆனால் தயாரிப்பாளர்கள் வேறு என்பதால் பாண்டின் மெட்டைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. கானரி வருகிறார், சண்டை போடுகிறார், தப்பிக்கிறார். எல்லாம் இருந்தும் ஏதோ குறைகிறது. ஒரு படத்தில் ஆள் இருந்தார், மெட்டு இல்லை. இன்னொன்றில் மகுடியில் ஊதினாலும் மெட்டு இருந்தது. எது பாண்ட் படமாகத் தோன்றியது என்பதில் ரசிகர்களுக்குப் பெரிய சந்தேகம் இருக்கவில்லை.

சிதம்பரம் தேரோட்டத்துக்குக் கீரப்பாளையத்திலிருந்து போகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டவருக்குச் சுவாமி கண்ணில் படமாட்டார். ஆனால் நாகசுரத்தில் கம்பீரநாட்டையில் மல்லாரி கிளம்பியதும் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று தெரிந்துவிடும். மல்லாரிக்குப் பாட்டுவரி கிடையாது, பொருள் சொல்ல வேண்டியதில்லை. அதன் வேலை வருகையை அறிவிப்பது. பாண்டின் மெட்டும் அப்படி ஓர் அறிவிப்பு இசைதான். 1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் எடுத்த 25 படங்களில் நடிகர்கள் ஆறு பேர் மாறினார்கள், இசையமைப்பாளர்களும் பலர் மாறினார்கள். அறிவிப்பு மட்டும் மாறவில்லை.

பிறந்த கதை

அந்த மெட்டின் பூர்வீகத்தில் ஓர் இந்திய வாசனை உண்டு. வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவல் 1961-இல் வெளியானது. டிரினிடாட் தீவில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் கதை அது. அதை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக மான்டி நார்மன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் ஒரு பாட்டு எழுதினார். சிதார் சாயலில் நகரும் பாட்டு. நாடகம் மேடை ஏறவில்லை, பாட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசையமைக்க அழைப்பு வந்தபோது நார்மன் அதை வெளியே எடுத்தார். சுரங்களைத் துண்டு துண்டாக வெட்டி, சிதார் இருந்த இடத்தில் கிட்டாரை வைத்தார்.

அதற்கு முழு வாத்தியக்குழுவின் உடையைப் போட்டுவிட்டவர் ஜான் பேரி. 1962 ஜூன் மாதம் லண்டனில் ஒலிப்பதிவு நடந்தது. கிட்டார் வாசித்தவர் பேரியின் குழுவைச் சேர்ந்த விக் ஃபிளிக். கையில் இருந்தது 1939-ஆம் ஆண்டுக் கிட்டார். அதில் ஒலிவாங்கி பொருத்தி, வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர் வழியாக, தந்தியை ஓங்கி மீட்டினார். உலோகத்தில் உலோகம் உரசுவதுபோன்ற அந்தக் கரகரப்பு அப்படி வந்ததுதான். அவருக்குக் கிடைத்தது ஒருநாள் கூலி. உரிமைத்தொகை எல்லாம் நார்மனுக்குப் போனது. மெட்டை உண்மையில் யார் போட்டது என்ற சண்டை பல ஆண்டுகள் ஓடியது. பேரிதான் போட்டார் என்று எழுதிய 'சண்டே டைம்ஸ்' மீது நார்மன் வழக்குத் தொடர்ந்து 2001-இல் வென்றார். நீதிமன்றம் கொடுத்த இழப்பீடு 30,000 பவுண்டு. சட்டப்படி மெட்டு நார்மனுடையது. ஆனால் பேரியின் கைபடாமல் அது இந்த அளவுக்கு உலகம் சுற்றியிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

கீரப்பாளையத்தில் பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியமோ, பிள்ளைகள் விளையாடும் சின்னக் கீபோர்டோ கையருகே இருந்தால் போதும், இந்த மெட்டைப் பிரித்துப் பார்த்துவிடலாம். மூல ஒலிப்பதிவின் சுருதி மூன்று கட்டை. அதையே ச என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் உறுப்பு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் நான்கு சுரங்கள். ச அசையாமல் தம்புரா மாதிரி நிற்கிறது. அதன்மேல் பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம் என்று ஒரு சுரவரிசை ஏறி இறங்குகிறது. கட்டைகளில் பார்த்தால் வெள்ளை, வெள்ளை, கருப்பு, வெள்ளை. ஒவ்வொரு அடியும் அரைச்சுரம். கதவு திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்ற பதற்றம் முழுவதும் இந்த நான்கில்தான் இருக்கிறது.

இரண்டு தைவதமும் நமக்குப் புதிதில்லை. பைரவி ராகத்தில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். ஆனால் பைரவியில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. கமகத்தில் அசைந்து, தத்தம் வழியில் வருகின்றன. பாண்ட் மெட்டில் கமகமே கிடையாது. சுரம் அசையாமல் படிபோல் நிற்கிறது. அதனால்தான் அங்கே உருக்கம் வராமல் வேவு பார்க்கும் உணர்வு வருகிறது.

இரண்டாவது உறுப்பு கிட்டார் வரி. ச-வில் கிளம்பி ரிஷபத்தைத் தட்டித் திரும்புகிறது. அடுத்து சாதாரண காந்தாரத்தைத் தட்டி ரிஷபத்தில் நிற்கிறது. கொஞ்சம் சுற்றியதும் காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், பஞ்சமம், மத்யமம், பஞ்சமம் என்று சரிகிறது. இரண்டு நிஷாதங்களை அடுத்தடுத்து வைப்பது நம் காதுக்கு லேசாக உறுத்தும். அந்த உறுத்தல்தான் உளவாளியின் குணம்.

மூன்றாவது உறுப்பு பித்தளை வாத்தியங்கள். கிட்டார் பதுங்கிக்கொண்டிருக்கும்போது டிரம்பெட்டும் டிராம்போனும் ஜாஸ் குழுவின் மிடுக்கோடு வெடிக்கும். இது பேரியின் கைவரிசை. இளமையில் ராணுவ வாத்தியக்குழுவில் டிரம்பெட் வாசித்தவர் அவர்.

நான்காவது உறுப்பு கடைசிச் சேர்ப்பு. எல்லாம் முடிந்தபிறகு கிட்டார் ஒரே ஒருமுறை ஐந்து சுரங்களை ஒன்றாக மீட்டி நிறுத்தும்: ச, சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம், மேலே சதுஸ்ருதி ரிஷபம். மூன்று வெள்ளைக் கட்டை, இரண்டு கருப்பு. ஐந்தும் கௌரிமனோகரியில் உள்ள சுரங்கள்தான். நாம் பாடும்போது காகலி நிஷாதம் ச-வில் போய்ச் சேரும், மனசு அடங்கும். இங்கே நிஷாதத்தைச் சேரவிடாமல் அப்படியே தொங்கவிடுகிறார்கள். கதை முடிந்தது, ஆபத்து முடியவில்லை என்பதை ஒரே மீட்டலில் சொல்லியாகிவிட்டது.

இந்த நான்கில் எதை எடுத்துப் போட்டாலும் பாண்ட் ஞாபகம் வந்துவிடும். முழு மெட்டும் தேவையில்லை. அது இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணமே இப்படித் துண்டாக்கிப் பயன்படுத்த முடிவதுதான். விமான நிலையத்தில் பாண்ட் நடக்கும்போது அடிச்சுரம் மட்டும் வரலாம், கார் கிளம்பும்போது பித்தளை மட்டும் வரலாம். இசையமைப்பாளர் தன் சொந்த இசைக்குள் இவற்றை எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம்.

எப்போது கொடுப்பது, எப்போது மறைப்பது

பேரி 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். அவர் நிலைநிறுத்திய இன்னொரு வழக்கம், படத்தின் தலைப்புப் பாட்டையே பின்னணி இசைக்கு மூலப்பொருளாக்குவது. 'கோல்ட்ஃபிங்கர்' பாட்டை ஷெர்லி பாஸி எழுத்து ஓடும்போதே பாடி முடித்துவிடுவார். ஆனால் அதன் முதல் சில சுரங்கள் படம் முழுக்க வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு வாத்தியத்தில் வந்துகொண்டே இருக்கும். நாயகனுக்கு நிரந்தர மெட்டு, அந்தந்தக் கதைக்குத் தலைப்புப் பாட்டின் மெட்டு. பாண்ட் இசை முழுக்க இந்த இரண்டின் பின்னல்தான்.

பின்னல் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1995-இல் வந்த 'கோல்டன்ஐ' சாட்சி. எரிக் செரா மின்னணு ஒலிகளால் புதுமை செய்து பார்த்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பாண்ட் பீரங்கி வண்டி ஓட்டும் துரத்தல் காட்சிக்கு மட்டும் அந்தப் புதுமை ஒத்துவரவில்லை. ஜான் ஆல்ட்மன் என்ற வேறொருவரை வைத்துப் பழைய மெட்டோடு புதிதாக இசை எழுத வைத்தார்கள்.

மெட்டைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் ஒரு கலை. 2006-இல் வந்த 'கேசினோ ராயல்' பாண்ட் எப்படி பாண்ட் ஆனார் என்ற கதை. டேவிட் ஆர்னால்ட் படம் முழுக்க மெட்டின் நிழலை மட்டும் காட்டினார். கடைசிக் காட்சியில் நாயகன் தன் பெயரைச் சொன்னபிறகுதான் முழு மெட்டும் கிளம்புகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த காதுக்கு அது பெரிய விருந்து.

நம் ஊர் உளவாளிகள்

தமிழில் உளவாளிக்குப் பஞ்சமில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' 1966-இல் வந்தது, 'சி.ஐ.டி. சங்கர்' 1970-இல். இரண்டிலும் நாயகன் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் வாங்கிய ஜெய்சங்கர், இசை வேதா. எல். ஆர். ஈஸ்வரி 'வல்லவன் ஒருவன்' படத்துக்காகப் பாடிய 'பளிங்கினால் ஒரு மாளிகை' இன்றும் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் ஒலிக்கிறது. 1968-இல் எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆனார், இசை எம். எஸ். விஸ்வநாதன். 1986-இல் சுஜாதா கதையில் கமல்ஹாசன் 'விக்ரம்' ஆனபோது இளையராஜா சிந்தசைசர் ஒலிகளை அடுக்கித் தலைப்புப் பாட்டு போட்டார். நாயகன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் பாட்டைக் கமலே பாடினார். ராணி காமிக்ஸ் 1984-இல் ஜேம்ஸ் பாண்ட் கதையோடுதான் தொடங்கியது என்பதால், படம் பார்க்க வழியில்லாத ஊர்ப்பிள்ளைகளுக்கும் பாண்ட் தெரிந்த முகம்தான்.

திறமையில் இவர்கள் யாரும் குறைந்தவர்கள் இல்லை. வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. நம் உளவாளிப் படங்களில் இசையின் உயிர் பாட்டில் இருந்தது. பாட்டு கிளப்பில் நடக்கும், உளவாளி வேலை வேறிடத்தில் நடக்கும். பாண்ட் படங்களில் உயிர் பின்னணி இசையில் இருந்தது. அதோடு நம் படங்கள் ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்கி அதோடு முடிந்தன. ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டை அடுத்தவர் வாங்கி வளர்க்கும் தொடர்ச்சி அமையவில்லை. விக்ரம் என்ற அந்த உளவாளி அடுத்த முறை திரைக்கு வர 36 ஆண்டுகள் ஆயின. 2022-இல் அனிருத் தன் சொந்த இசையோடு அவரை வரவேற்றார். நமக்கும் ஓர் உளவாளித் தொடர் நிலைத்தால் முதல் படத்திலேயே நான்கு சுரத்தை அவருக்கு எழுதி வைத்துவிட வேண்டும்.

எதில் தொடங்கலாம்?

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு நான்கு படங்களைச் சொல்வேன்.

'கோல்ட்ஃபிங்கர்', 1964: பித்தளை வாத்தியங்களின் முழு வீச்சு. இதன் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்', 1967: கதை ஜப்பானில் நடக்கிறது. வயலின்கள் மேலிருந்து இறங்கிவரும் தொடக்கம் தனி அழகு.

'லிவ் அண்ட் லெட் டை', 1973: பேரி இல்லாத முதல் வெற்றி. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இசையமைத்தார், தலைப்புப் பாட்டு பால் மெக்கார்ட்னியுடையது. பழைய கிட்டார் வரி ஃபங்க் தாளத்திலும் நிற்கும் என்று காட்டிய படம்.

நான்காவது, 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்', 1969. என் ஓட்டு இதற்குத்தான். நடித்த ஜார்ஜ் லேசன்பி புதியவர், இந்த ஒரு படத்தோடு விலகிவிட்டார். கானரி இல்லாத குறையை இசையே சுமக்க வேண்டியிருந்தது. பேரி தலைப்பில் குரலே வைக்கவில்லை. அன்று திரையிசைக்குப் புதிதாக இருந்த மூக் சிந்தசைசரை அடியில் ஓடவிட்டு, மேலே பித்தளையை முழங்கவைத்தார். நடுவில் காதலுக்கு ஒரு பாட்டு. பாடியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். உடல்நலம் குன்றியிருந்ததால் அவரால் டிரம்பெட் ஊத முடியவில்லை, பாட மட்டும் செய்தார். 52 ஆண்டுகள் கழித்து 'நோ டைம் டு டை' படத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஜிம்மர் இந்தப் படத்தின் இசையைத்தான் மீண்டும் எடுத்தாண்டார், ஆம்ஸ்ட்ராங்கின் அதே பாட்டோடு படமும் முடிந்தது. முன்னோர் இசையிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்ததே அதன் தரத்துக்கு நற்சான்று.

இவற்றை மொபைலின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடியில் ஊரும் அந்த நான்கு சுரம் அதில் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் ஒன்று மாட்டிக்கொண்டு, முதல்முறை கிட்டாரை விட்டுவிட்டு, ப த த த மட்டும் கவனித்துக் கேளுங்கள். பாண்ட் இசையின் பாதி ரகசியம் அதிலேயே பிடிபட்டுவிடும்.