விமானம், இன்ஜின், ஏர்லைன் எல்லாம் ஒரே கம்பெனி: 1934-ல் அமெரிக்கா ஏன் பிரித்தது?

இண்டிகோவின் ஏ320 நியோ விமானத்தில் ஏறியிருக்கீங்களா? டிக்கெட் விற்றது இண்டிகோ. விமானத்தைச் செய்தது ஏர்பஸ். இன்ஜினைச் செய்தது பிராட் அண்ட் விட்னி அல்லது சிஎஃப்எம். எல்லாம் வேறு வேறு நிறுவனங்கள். ஆனால், 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த மூன்று வேலையையும் ஒரே குழுமம் செய்தது.

எப்படி ஒன்றானது?

எல்லாம் தபாலில் தொடங்கியது. பயணிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டினால் அப்போது கட்டுப்படியாகாது. 1925-ல் வந்த கெல்லி சட்டம், விமானத் தபாலைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ - சிகாகோ தடத்தை போயிங் பிடித்தது. 1927-ல் சேவை தொடங்கியது. அதன் விமானத்தில் இருந்தது பிராட் அண்ட் விட்னியின் 'வாஸ்ப்' இன்ஜின். காற்றே அதைக் குளிர்விக்கும். ரேடியேட்டர், தண்ணீர் சுமை மிச்சம். அந்த அளவுக்குக் கூடுதல் தபால் ஏற்றலாம்.

1929-ல் இரு நிறுவனங்களும் 'யுனைடெட் ஏர்கிராஃப்ட் அண்ட் டிரான்ஸ்போர்ட்' என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. புரொப்பெல்லர் செய்யும் ஹாமில்டன், விமானம் செய்யும் சிக்கோர்ஸ்கி ஆகியவையும் சேர்ந்தன. குழுமத்தின் விமான சேவைகள் 1931-ல் 'யுனைடெட் ஏர்லைன்ஸ்' ஆயின.

மற்றவர்களுக்கு என்ன பிரச்னை?

10 பயணிகள் போகக்கூடிய போயிங் 247, 1933-ல் பறந்தது. அன்றைக்கு அதுதான் புதுமை. ஆனால், முதல் 60 விமானங்கள் சொந்த ஏர்லைனுக்கே! போட்டி நிறுவனமான டிடபிள்யூஏ வரிசையில் காத்திருக்க வேண்டிய நிலை. அது டக்ளஸ் நிறுவனத்திடம் போனது. அப்படிப் பிறந்ததுதான் டிசி-1. அதிலிருந்து 14 பேர் பயணிக்கும் டிசி-2, பிறகு டிசி-3 வந்தன.

சட்டம் என்ன செய்தது?

தபால் ஒப்பந்தங்கள் பெரிய நிறுவனங்களுக்குச் சாதகமாகப் பங்கிடப்பட்டதாக செனட்டர் ஹியூகோ பிளாக்கின் குழு விசாரித்தது. 1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். தபால் சுமக்க அனுப்பப்பட்ட ராணுவ விமானிகள் பலர் விபத்துகளில் இறந்தனர். ஜூனில் புதிய சட்டம் வந்தது: தபால் எடுத்துச்செல்லும் ஏர்லைனுக்கும் விமானத் தயாரிப்பாளருக்கும் உறவு இருக்கக்கூடாது. குழுமம் மூன்றாக உடைந்தது. வில்லியம் போயிங் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார்.

யார் ஜெயித்தது?

போயிங் 247 தயாரானது மொத்தம் 75 மட்டுமே. டிசி-3, ராணுவ வகைகளையும் சேர்த்து 10,000-க்கும் மேல். நல்ல விமானத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டதால், போட்டியாளருக்கு அதைவிட நல்ல விமானம் கிடைத்துவிட்டது. பிரிந்த மூன்றே ஆண்டுகளில் யுனைடெட் ஏர்லைன்ஸும் டிசி-3 வாங்கிப் பறக்க ஆரம்பித்தது.