ஆடி மாதத்திலேயே கேட்டுவிடுவேன்!

அம்பத்தூரில் வீட்டிலிருந்தபடியே பிளான் போட்டுக் கொடுக்கும் ஆர்க்கிடெக்ட் நான். சமையலுக்கும் சைட்டுக்கும் நடுவே என் நேரத்தைத் தின்பது வரைபட வேலை அல்ல. தளம் போட்ட பிறகு, "மேடம், ஹாலில் ஃபேன் கொஞ்சம் தள்ளி வேணுமே" என்று வருகிறதே, அதுதான்!

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பலர் ஆடியில் மனை பூஜை போட மாட்டார்கள். அந்த மாதத்தை நான் விடுவதில்லை. வீட்டு அம்மாவை உட்கார வைத்து, கிரைண்டர் எங்கே, கட்டில் எப்படி, பீரோ எந்தச் சுவரில் என்று எழுதி வாங்கிவிடுவேன். (ஐயாவைக் கேட்டால், "அவளையே கேளுங்க" என்பார்.) ஆவணியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் அஸ்திவாரம் மேலே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழித் தண்ணீரை இறைக்கவே கூலி போகும்.

காலண்டரில் நான் முதலில் வட்டம் போடுவது தளம் போடும் நாளுக்கு. ஃபேன் பாக்ஸ், கரண்ட் பைப் எல்லாம் அதற்கு முன்பே கம்பிக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அவசரமே கூடாது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப்படி, பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரம் காயக்கூடாது. சுவருக்குச் சுவர் 4.5 மீட்டரைத் தாண்டினால் முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். "பிரிச்சிடலாம்மா" என்பார் மேஸ்திரி. அசையாதீர்கள்!

அந்த இரண்டு வாரத்தில்தான் கதவு, டைல்ஸ் பார்க்க அழைத்துப் போவேன். காலை பத்து மணிக்குக் கிளம்பினால், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம்.

- ஒரு வாசகி, அம்பத்தூர்.