கிழிகாயம்: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘லசரேஷன்’ எனப்படும் காயத்தைத் தமிழ் மருத்துவ எழுத்தில் ‘கிழிகாயம்’ என்பர். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான ‘லசராரே’ என்ற இலத்தீன் வினைக்கும் கிழித்தல் என்பதே பொருள். ஓரம் நேராக இல்லாமல், பிய்ந்த சீலைபோல ஒழுங்கற்றுக் கிடக்கும் காயம் அது. துறைமுகத்தை அண்டிய எங்கள் வீடுகளில் இந்தச் சொல் புழங்குவதில்லை. முருகைக்கல்லில் கால் கிழிந்தாலும் “கல்லு வெட்டிட்டு”, மீன் கத்தி பட்டாலும் “கத்தி வெட்டிட்டு” என்போம். வீட்டுக்கு அது போதும். சட்ட வைத்திய அதிகாரிக்குப் போதாது.

கூரிய ஆயுதம் தோலை அறுக்கும். ஓரம் சுத்தமாக இருக்கும். உள்ளேயுள்ள இழைகளும் சேர்ந்தே அறுபடும். மழுங்கிய பொருள் மோதும்போது நடப்பது வேறு. தோல் நசுங்கி, இழுபட்டு, தாங்க முடியாத இடத்தில் பிரிகிறது. ஆகவே ஓரத்தில் சிராய்ப்பும் கன்றலும் இருக்கும். காயத்தை விரித்துப் பார்த்தால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெல்லிய இழைகள் பாலம்போல நிற்கும். கத்தி பட்டிருந்தால் அவை தப்பியிரா.

இதைப் படித்தபோது எனக்குப் புதினமாய்ப் பட்டது இலக்கணம்தான். வெட்டுக்காயம், குத்துக்காயம் இரண்டிலும் ‘க்’ மிகுகிறது. வெட்டினால் உண்டான காயம், குத்தினால் உண்டான காயம் என்று விரியும். கிழிகாயத்தில் அந்த ஒற்று இல்லை. ஊறுகாய், சுடுசோறு போல அது வினைத்தொகை: கிழிந்த, கிழிகின்ற, கிழியும் காயம். (‘கிழிக்காயம்’ என்று எழுதுவது பிழை.) முதல் இரண்டும் செய்த செயலைச் சொல்கின்றன. மூன்றாவது, தோலுக்கு என்ன ஆயிற்று என்பதோடு நின்றுகொள்கிறது.

இந்த வேறுபாட்டின் கனம் நீதிமன்றத்தில் தெரியும். கடற்கரைச் சண்டையொன்றில் ஒருவரின் தலையில் துடுப்பால் அடி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். தலைத்தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால், அடிபட்டதும் தோல் கத்தியால் கீறியதுபோல நேராகப் பிளந்துவிடலாம். புருவத்திலும் அப்படித்தான். அவசரமாகப் பார்ப்பவர் ‘வெட்டுக்காயம்’ என்று எழுதினால், இல்லாத கத்தி ஒன்று வழக்குக்குள் வந்துவிடுகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் சாதாரண காயம் விளைவித்தலுக்கு 314ஆம் பிரிவு. வெட்டும், குத்தும், சுடும் கருவிகளால் விளைவித்தால் 315ஆம் பிரிவு, தண்டனையும் கூட. மறுபக்கமும் உண்டு. கத்தியால் வெட்டுண்ட பெண்ணை “படியில விழுந்துட்டா” என்று வீட்டார் சொன்னால், நேரான ஓரமும் அறுந்த இழைகளும் அந்தப் பேச்சுக்கு இடம் கொடா. மயிரையும் பார்ப்பார்கள்: வெட்டில் அறுந்திருக்கும், கிழிவில் நசுங்கியிருக்கும். ஆனால் அடித்தது துடுப்பா, விழுந்தது படியா என்பதைக் கிழிகாயம் என்ற சொல் மட்டும் சொல்லாது. அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

எங்கள் கடலில் இந்தப் பிரிவுகளையெல்லாம் குழப்புவது திருக்கை. அதன் வால்முள் கூரானது. இரு பக்கமும் பின்னோக்கிய வாள்பற்கள். உள்ளே போகும்போது குத்துக்காயம், வெளியே வரும்போது கிழிகாயம். நஞ்சும் சேரும். தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை வைத்தால் நோவு குறையும். ஆழப் புதைந்த முள்ளைத் தாமே பிடுங்காமல் வைத்தியசாலைக்குப் போவதே நல்லது. ஏற்பு ஊசியும் தேவைப்படலாம்.

காயங்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு நுணுக்கமாக எழுதலாமா என்று கேட்பவர்கள் மானிப்பாயை நினைக்கலாம். அங்கே மருத்துவர் சாமுவேல் கிறீன் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்று அறுவை மருத்துவ நூலொன்றையே தமிழில் வெளியிட்டார். அந்த இரணம்தான் ‘ரணம்’ ஆகி, நம் சஞ்சிகைக் கவிதைகளில் பக்கத்துக்குப் பக்கம் கசிகிறது. கிழிகாயத்தை ஒருத்தியும் எழுதக் காணேன். காயம் என்றால் உடம்பு என்றும் பொருள் இருக்கிறது. எழுதுபவள் இரண்டையும் சேர்த்தே எழுதலாம்.